தேடிய தேட்டத்தில் யார் தேடியவர்?

தேசவழமை பற்றி எழுதுவோர் பலர் அதன் பழமையை வியப்பதுடன் அமைந்துவிடுகின்றனர். 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுக்கப்பட்ட அவ்வழமை குடும்பச் சொத்தை முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என வகுத்தது. மணம் முறியுமிடத்து முன்னிரண்டும் உரியவரையே சேரும், சிக்கல் மூன்றாவதில்தான்.

1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம், எவர் பெயரில் இருப்பினும் தேட்டம் இருவர்க்கும் பொது என்றது; மணமுறிவின்போது ஆளுக்குப் பாதி என வெளிப்படையாகவும் விதித்தது. 1947ஆம் ஆண்டுத் திருத்தம் இவ்வாசகங்களை நீக்கி, ஒருவர் இறந்தபின் நிகழும் பங்கீட்டையே பேசிற்று. இதனைத் தனியுரிமையின் வளர்ச்சியாகக் கொள்வதற்கில்லை. நீதிக்கு அணித்தாய் நின்றது பழைய வாசகமே. கணவன் புகையிலை நட, மனைவி மாட்டையும் பிள்ளைகளையும் பார்த்து, கூலியாட்களுக்கும் சமைத்துப் போடுகிறாள். அப்பணத்தில் வாங்கிய காணியின் உறுதியிலோ அவன் பெயர் மட்டுமே. (உறுதி முடிக்கும் நொத்தாரிசு அடுக்களையை எட்டிப் பார்ப்பதில்லை.) அவள் தன் சீதனக் காணியை விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதத்தை வேண்டும் அதே சட்டம், அவன் தேட்டக் காணியை விற்கையில் அவளிடம் எதனையும் கேட்பதில்லை.