காலப்பயணமும் பொற்காலக் கனவும்: ‘ஆதித்யா 369’ காட்டும் விஜயநகரம்

சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் 1991ஆம் ஆண்டு தெலுங்கில் வெளிவந்த ‘ஆதித்யா 369’, தென்னிந்தியாவில் காலப்பயணத்தைக் கருவாகக் கொண்ட முன்னோடித் திரைப்படங்களுள் ஒன்று. ‘அபூர்வ சக்தி 369’ என்னும் பெயரில் தமிழிலும் வந்தது. ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989), ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990) ஆகிய படங்களின் வழி அதன் இயக்குநர் தமிழர்க்கு முன்பே அறிமுகமானவர். இசை இளையராஜா. குடும்பத்தோடு கண்டு மகிழும் நகைச்சுவைப் படமாகவே இது நினைவில் நிற்கிறது. அந்த நகைச்சுவை எத்தகைய இடைக்காலத்தைக் கட்டமைக்கிறது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருளாகும்.

அருங்காட்சியகத்திலுள்ள கிருஷ்ணதேவராயர் காலத்து வைரத்தைச் சுற்றிக் கதை அமைகிறது. அறிவியலறிஞர் ஒருவர் உருவாக்கிய கால எந்திரம், அவருடைய மகளையும் நாயகன் கிருஷ்ணகுமாரையும் முதலில் 1526ஆம் ஆண்டுக்கும் பின்னர் 2504ஆம் ஆண்டுக்கும் கொண்டுசெல்கிறது.

இவ்வகைக் கதைகளுக்கு மேலைநாட்டில் வலுவான முன்மாதிரி, மார்க் ட்வைன் 1889இல் வெளியிட்ட புதினமாகும். அதில் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கர் ஒருவர் ஆர்தர் மன்னனின் அவையை அடைந்து, சூரிய கிரகணத்தைப் பற்றிய அறிவால் உயிர் தப்புகிறார். ட்வைன் அந்த அறிவையே இறுதியில் பேரழிவின் கருவியாக்கி, நவீனத்தின் செருக்கையும் எள்ளினார். அப்புதினத்தை அடியொற்றி எழுந்த குடும்பத் திரைப்படங்களோ அவ்வெள்ளலைப் பெரிதும் கைவிட்டு, பழங்காலத்தார் அறியாமையை மட்டும் நகைப்புக்கு உரியதாக்கின.

‘ஆதித்யா 369’ வேறு வழியை மேற்கொள்கிறது. நாயகனாகவும் மன்னனாகவும் நடிப்பவர் நந்தமூரி பாலகிருஷ்ணா ஒருவரே. அதனால் இறந்தகாலம் அயலாகாமல், நிகழ்காலத்தின் சொந்த முகமாகவே தோன்றுகிறது. மேலும், அந்த அவையில் தெனாலி ராமகிருஷ்ணன் இருக்கிறான். நகைச்சுவையை 20ஆம் நூற்றாண்டு விருந்தினர் கொண்டுவர வேண்டியதில்லை. அது அங்கே முன்பே குடியிருக்கிறது. 2504ஆம் ஆண்டிலோ போரால் பாழான உலகில் மக்கள் நிலத்தடியில் வாழ்கின்றனர். காலம் செல்லச் செல்ல வளர்ச்சி என்னும் நம்பிக்கையை ஒரு நகைச்சுவைப் படம் இவ்வாறு தலைகீழாக்குவது அதன் தனிச்சிறப்பு.

எனினும் அச்சிறப்புக்கு ஒரு விலை உண்டு. கடந்தகாலத்தைப் பொற்காலமாக்கும்போது அதன் உள்முரண்கள் மறைகின்றன. விஜயநகரம் பன்மொழிப் பேரரசு. அதன் ஆட்சியில் தமிழ்நிலத்தில் தமிழ்க் கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டன. திருவண்ணாமலையில் கிருஷ்ணதேவராயரின் திருப்பணி நடந்தது. அவர் தெலுங்கில் இயற்றிய ‘ஆமுக்தமால்யதா’ திருவில்லிபுத்தூர் ஆண்டாளின் வரலாற்றைப் பாடுகிறது. மறுபுறம், திரைக்கதையின் காலத்துக்கு ஒரு நூற்றாண்டு முன்னர், 1429ஆம் ஆண்டுக் கொறுக்கைக் கல்வெட்டு, வரிச்சுமைக்கு எதிராக வலங்கையரும் இடங்கையரும் ஒன்றுதிரண்டதைக் காட்டுகிறது. நடனமும் வைரமும் ஒளிரும் திரையவையில் இவ்விரு பக்கங்களுக்கும் இடமில்லை. மொழிமாற்றத்திலோ மன்னனே தமிழ் பேசுகிறான்; தமிழ்நிலத்துக்கும் அப்பேரரசுக்கும் இடையிலிருந்த தொலைவும் அதனால் கண்ணுக்குப் புலப்படாது போகிறது.

புலம்பெயர் தமிழ்க் குடும்பங்களில் இது சிறு செய்தியன்று. கோயிலையும் கல்வெட்டையும் நேரில் காணும் வாய்ப்பு அரிதான பிள்ளைகளுக்கு, இடைக்காலம் பெரும்பாலும் திரையின் வழியாகவே அறிமுகமாகிறது. நகைச்சுவைப் படம் வரலாற்றுப் பாடநூலாக வேண்டும் என்று கோருவது முறையன்று. ஆயின், தமிழ்ப் பள்ளிகளில் இத்தகைய படத்தைத் திரையிடும்போது, அதே பேரரசின் கல்வெட்டு ஒன்றையும் உடன் படிப்பித்தல் இயலும். மன்னனைக் கண்டு மகிழ்ந்த பிள்ளைகள், அவனுடைய பேரரசுக்கு வரி செலுத்தியவர் யார் என்றும் கேட்கக் கற்பர்.