கௌடபாதர் வாதமும் நாடற்றோர் நிலையும்

ஆதியிலும் அந்தத்திலும் இல்லாத பொருள் இடையிலும் இல்லாததே என்பது மாண்டூக்கிய காரிகையிற் கௌடபாதர் நாட்டும் வாதம். மாறாதது ஒன்றே மெய் என்பதற்கு இதனினும் சுருங்கிய நியாயம் அரிது. எனினும், இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் இதனைப் பொருத்திப் பார்த்தால் இடர் தோன்றும். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் அங்குள்ள தொழிலாளருட் பெரும்பாலார் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபர் ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது; எஞ்சிய 150,000 பேரின் கதியோ பின்னர்ப் பேசற்பாலதென விடப்பட்டது! 2003 ஆம் ஆண்டுச் சட்டம் மிஞ்சியோர்க்குக் குடியுரிமை நல்கியது. ஆதியும் அந்தமும் உடைய அந்நிலை இடையிலும் இருந்ததன்று எனக் கூற யாவர் துணிவர்?

சங்கரர் துணியவில்லை. பிரமசூத்திர பாடியத்தில் விஞ்ஞானவாதிகளை மறுக்குமிடத்து, உணரப்படும் புறப்பொருளை இல்லையெனல் ஆகாது என்றும், நனவு கனவை ஒத்ததன்று என்றும் அவர் வரையறுத்தார். கௌடபாதரோ அவ்விரண்டையும் ஒப்பிட்டே தம் வாதத்தை நடத்தியவர். இருவரையும் ஒருங்கிணைக்க விழையும் உரைமரபு இவ்வேற்றுமையை எளிதிற் கடந்துவிடுகின்றது. மித்தை வேறு, முயற்கொம்பு வேறு. பிரமஞானம் எய்துங்காறும் வியாவகாரிக உண்மைக்கு ஊறில்லை என்பதே சங்கரர் துணிபு. ஆகவே, லயத்து வாழ்வோனின் குறையை மாயை என்று தள்ளுவோர்க்கு அவர் நூலில் ஆதாரம் கிடையாது. உலகம் மாறினும் உள்பொருளே எனக் கொள்ளும் சைவசித்தாந்திக்கு இவ்விடர் முதலிலேயே எழுவதில்லை.