மேற்பூச்சு சொல்லும் சாட்சி

பழம்பொருளின் உண்மையை மேற்பூச்சை வைத்துத் தீர்மானிக்கும் வழக்கம் போலியைப் பிடிப்பதில் வல்லது; ஆனால் வரலாற்றைப் படிப்பதில் தடுமாறும். அதன் கூர்மையை ஜெர்மானியப் படைத்துப்பாக்கிகளில் காணலாம். 1908இல் ஜெர்மன் தரைப்படை ஏற்றுக்கொண்ட லூகர் கைத்துப்பாக்கியின் உடல் கருநீலம். விசை, பாதுகாப்புத் தாழ் போன்ற சிற்றுறுப்புகள் சூட்டில் பதமேறிய வைக்கோல் மஞ்சள். லூகரைத் தயாரித்த மவுசர் ஆலை 1937 வாக்கில்தான் அவற்றையும் நீலத்துக்கு மாற்றியது. ஆகவே 1917 முத்திரையிட்ட துப்பாக்கியில் விசையும் நீலமாக இருந்தால், யாரோ பின்னாளில் பூசியிருக்க வேண்டும். மழுங்கிய விளிம்பும் தேய்ந்த எழுத்தும் மெருகுச் சக்கரத்தைக் காட்டிக்கொடுக்கும். உறுப்புகளின் வரிசை எண், மேகசின் அடியிலுள்ள எண், தோலுறையின் ஆண்டு முத்திரை ஆகியவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். தனிப்பட்ட ரசனைக்கு இங்கே இடமில்லை என்பதே இம்முறையின் பலம்.

ஆலையை விட்டு வெளியேறிய நாளோடு பொருளின் வரலாறு முடிந்துவிட்டதாக எண்ணுவது இதன் குறை. இரண்டாம் உலகப் போரில் கைப்பற்றிய லூகர்களைச் சோவியத் கிடங்குகள் பிரித்து, உறுப்புகளைக் கலந்து, மறுபடி நீலமேற்றின. விதிப்படி அவை பழுதானவை. உண்மையில், போரில் கைமாறியதற்கு அந்தப் பூச்சே சான்று.

பிற்காலப் பூச்சு பழுதா, சான்றா என்ற இதே கேள்வி, ஆயுதச் சட்டம் கடுமையான சிங்கப்பூரில் கட்டடங்களில் எழுகிறது. லிட்டில் இந்தியாவின் கெர்பாவ் சாலையில் 1900இல் எழுந்த டான் டெங் நியா இல்லம் இன்று பல வண்ணங்களில் மின்னுகிறது. அந்த வண்ணக்கோலம் 1980களின் மீட்டமைப்புக்குப் பின் வந்தது; முன்பிருந்தவை வெள்ளையும் பச்சையும். லூகர் விதியைக் கொண்டு அளந்தால் வீடே போலியாகிவிடும். ஆனால் 1989இல் லிட்டில் இந்தியா பாதுகாப்புப் பகுதியான காலத்து நகரம், தன் பழமையை எப்படிக் காண விரும்பியது என்பதற்கு அந்த வண்ணங்களே ஆவணம்.

பிற்காலப் பூச்சை ஏற்றால் ஏமாற்றுவோருக்கு வழி திறக்குமே என்பர். பூச்சு பிந்தியது என்பது ஏமாற்று ஆகாது. பிந்தியதை முந்தியதாகச் சொல்வதே ஏமாற்று. ஒவ்வொரு பூச்சுக்கும் அதன் காலத்தைப் பதிவுசெய்தால் போலிக்கு இடமிராது. அந்த வீட்டுச் சுவரைச் சுரண்டி மறுபடி வெள்ளையடிக்க வேண்டாம். வண்ணம் எப்போது வந்தது என்பதைப் பார்ப்பவருக்குச் சொன்னால் போதும்.