பிஸ்டன் எங்கே, சார்?

வண்டி மேட்டில் மூச்சு வாங்குகிறது, இழுவை இல்லை, எஞ்ஜினுக்குள் யாரோ சோழி குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம். மெக்கானிக் காதை வைத்துக் கேட்டுவிட்டு, 'போர் பண்ணணும் சார்' என்பார். நீங்களும் தலையாட்டிவிட்டு ஆபீஸ் போய்விடுவீர்கள். ஒரு பையன் பிளாக்கைக் கோணிப்பையில் சுருட்டி எங்கேயோ எடுத்துப் போவான். மூன்றாம் நாள் வண்டி ரெடி. எந்தப் பட்டறை, யார் செய்தது, என்ன அளவு? ஒன்றும் தெரியாது. செருப்பு வாங்கவே நாலு கடை ஏறுகிற ஜனங்கள் நாம்.

இதைக் கேட்டே ஆக வேண்டும், ஏனென்றால் பிளாக்குக்கு ஆயுள் எண்ணிக்கையில் இருக்கிறது. யமஹா ஆர்எக்ஸ்100-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1996-ல் நின்றுபோன வண்டி, இன்றைக்கும் பலர் மகனைவிட அதிகமாகத் துடைத்துவைக்கிறார்கள். சிலிண்டர் துளை 50 மி.மீ. தேயத் தேயக் கால் மில்லிமீட்டர் பெரிதாக்கி 50.25, 50.50, 50.75, 51 என்று ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். நாலே சான்ஸ். அதற்குப் பிறகு ஸ்லீவ் மாற்ற அலைய வேண்டும். (கடைசி சைஸில் 98 சிசி 102 சிசி ஆகிவிடும் என்பது ஒரு சின்ன சந்தோஷம்.) பட்டறைக்காரர் ஒருமுறை சொதப்பினால் நாலில் ஒன்று போச்சு. அப்பா ஓட்டிய வண்டி என்றால் அந்த நஷ்டத்தைப் பணத்தில் கணக்குப் போட முடியாது.

துளை போடுவது அவ்வளவு பெரிய வித்தையா என்று கேட்காதீர்கள். ஜேம்ஸ் வாட்டின் நீராவி எஞ்ஜின் வருஷக்கணக்கில் படுத்துக்கிடந்ததற்கு ஒரு காரணம், ஒழுங்கான வட்டமாக சிலிண்டர் குடைய ஆளில்லாததுதான். பீரங்கி குடைந்துகொண்டிருந்த ஜான் வில்கின்சன், வெட்டும் தண்டை சிலிண்டருக்குள் முழுக்க நுழைத்து இரண்டு முனையிலும் தாங்கிப் பிடித்தார். 50 அங்குல சிலிண்டர் எந்த இடத்திலும் ஒரு பழைய ஷில்லிங்கின் கனம்கூடப் பிசகவில்லை என்று வாட்டின் பார்ட்னர் போல்டன் 1776-ல் பூரித்து எழுதினார். இன்று அந்த ஷில்லிங் அளவு பிசகினால் உங்கள் ஆர்எக்ஸ் கிக்கருக்கே அசையாது.

நண்பர் ஒருவரின் வண்டிக்காகச் சென்னை ஜி.பி. ரோடு பக்கம் மூன்று பட்டறைகள் ஏறினேன். பெயர்கள் வேண்டாம். முதலாமவர் பிளாக்குக்குள் விரலை விட்டுத் தடவி, 'அம்பது சைஸ் போட்டுடலாம், சாயங்காலம் வாங்க' என்றார். விரல்! முப்பது வருஷ அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் விவகாரம் மில்லிமீட்டரில் நூறில் சில பாகம், தலைமுடியின் கனத்தைச் சுற்றி நடப்பது. விரலுக்கு அந்த வேலை தெரியாது. இரண்டாவது இடத்தில் மெஷின் புதுசு, தரை பளபள. ஆனால் பிளாக்கின் அடிப்பக்கத்தில் பழைய கேஸ்கெட் பிசிறு ஒட்டியிருக்க, அப்படியே மெஷினில் உட்கார வைத்துக்கொண்டிருந்தார்கள். பிளாக் ஒரு துளி சாய்ந்தாலும் துளை சாய்ந்துவிடும். பிஸ்டன் ஆயுள் முழுக்க ஒரு பக்கச் சுவரை உரசிக்கொண்டே ஓடும். கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டோம்.

மூன்றாவது, கரி பிடித்த சந்து. பெரியவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார்: 'பிஸ்டன் எங்கே, சார்?'

இன்னும் வாங்கவில்லை என்றோம்.

'வாங்கிட்டு வாங்க. இல்லாம கை வைக்க மாட்டேன்.'

இந்தக் கேள்விதான் பட்டறையின் ஜாதகம். ஒரே சைஸ் முத்திரை குத்திய இரண்டு பிஸ்டன்கள்கூட மைக்ரான் கணக்கில் வேறுபடும். கையில் உள்ள பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து, விட வேண்டிய இடைவெளியைக் கூட்டி, அதற்குத்தான் துளை போட வேண்டும். டயல் கேஜை உள்ளே இறக்கி மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில், ஒவ்வொன்றிலும் முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் அளந்தார். தேய்மானம் வட்டமாகத் தேயாது. முட்டை வடிவத்தில் தேயும், மேலே அதிகம் தேயும். அளந்துவிட்டு, 'இருவத்தஞ்சுலயே எடுத்துடலாம். எதுக்கு ஒரு சைஸை வீணாக்கணும்?' என்றார். விரல் மனிதர் தின்னப் பார்த்தது நண்பரின் ஒரு சான்ஸை!

போரிங்கில் கொஞ்சம் மிச்சம் வைத்து, ஹோனிங் கல்லால் குறுக்கும் மறுக்குமாகக் கீறி அளவுக்குக் கொண்டுவந்தார். ஆயில் தங்குவது அந்தக் கீறல்களில்தான். கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தால் மகிழாதீர்கள். டூ ஸ்ட்ரோக் என்பதால் போர்ட் ஓரங்களை மழுக்கினார். கூராக விட்டால் ரிங் மாட்டி உடையும். கடைசியில் சோப்புத் தண்ணீர். வெறும் மண்ணெண்ணெயில் கழுவினால் கல் துகள் கீறலுக்குள்ளேயே உட்கார்ந்து புது ரிங்கை அரைக்கும். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே இருக்க வேண்டும். இதை நீங்களே செய்து பார்க்கலாம்.

பட்டறைகளை மட்டும் திட்டுவது நியாயமில்லை. ரத்த அழுத்தம் பார்த்தால் எண்ணைக் கேட்டு வாங்குகிறோம். 'போரிங் 1' என்று ஒற்றை வரி பில்லை மடித்துப் பையில் வைக்கிறோம். அளப்பவருக்கும் அளக்காதவருக்கும் ஒரே கூலி. மெக்கானிக்குக்கோ பக்கத்துப் பட்டறை, சீக்கிரம் தருகிற பட்டறை, சில சமயம் கமிஷன் தருகிற பட்டறை. 'ஆயிரம் கிலோமீட்டர் ஓடினா செட் ஆயிடும் சார்' என்ற வசனத்தை நாமும் நம்புகிறோம். ரிங் படியும், சரி. கோணல் துளை எத்தனை ஆயிரம் ஓடினாலும் நேராகாது.

இதெல்லாம் வார்ப்பிரும்புச் சுவர் உள்ள எஞ்ஜின்களுக்கு. கேடிஎம் 390 மாதிரி சிலிண்டர் சுவரில் நிக்கல், சிலிக்கன் கார்பைடு பூச்சு உள்ள வண்டி என்றால் வழக்கமான போரிங் பேச்சே கிடையாது. 'அதையும் பண்ணித் தர்றேன் சார்' என்று யாராவது சொன்னால், பிளாக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு முதல் ஆட்டோவில் ஏறிவிடுங்கள்.