சீக்கிரம் முடி, நிதானமாக விண்ணப்பி

வாஷிங்டன் மாநிலத்தில் பள்ளிப் பிள்ளைகளோடு வாழும் தமிழ்க் குடும்பம் எதைச் சந்தித்தாலும் நான் முதலில் எடுப்பது 'ரன்னிங் ஸ்டார்ட்' பேச்சைத்தான். 1990இல் இம்மாநிலச் சட்டமன்றம் கொண்டுவந்த திட்டம் இது. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜுக்குப் போய்ப் படிக்கலாம். கல்விக் கட்டணம் இல்லை. புத்தகம், சில்லறைக் கட்டணங்கள், பஸ் செலவு மட்டும் நம்முடையது. படிக்கிற பாடம் பள்ளிக் கணக்கிலும் ஏறும், கல்லூரிக் கணக்கிலும் ஏறும். என் மகள் இந்த வழியில் பள்ளியை ஓராண்டு முன்பே, 2025 ஜூனில், முடித்துவிட்டாள். அதற்குப் பிறகு, கையில் முழுசாக ஓர் ஆண்டை வைத்துக்கொண்டு, இன்ஜினியரிங் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தாள். எங்கள் வீட்டில் எடுத்த முடிவுகளிலேயே இதைப் போல இனித்தது வேறொன்றில்லை.

கணக்கைக் கேளுங்கள், அதுவே ஓர் அழகு. பள்ளி முடிக்க 24 க்ரெடிட் வேண்டும். ஆறு பீரியட் உள்ள பள்ளியில் ஆண்டுக்கு 6 கிடைக்கும். ஒன்பதும் பத்தும் சேர்த்து 12. கல்லூரியில் 5 க்ரெடிட் பாடம் ஒன்றை ஒரு பருவத்தில், அதாவது இரண்டரை மாதச் சொச்சத்தில், முடித்தால் பள்ளியில் ஓராண்டுப் பாடம் முடித்ததாக எழுதிக்கொள்வார்கள். பருவத்துக்கு மூன்று பாடம், மூன்று பருவம்: ஒன்பது. ஆக 21. மிச்சம்?

மிச்சத்தைத் தமிழ் கொடுத்தது! இம்மாநிலத்தில் வீட்டு மொழியில் எழுதவும் பேசவும் தேர்வெழுதித் தேறினால், திறமைக்கேற்ப 4 க்ரெடிட் வரை தருகிறார்கள். தமிழுக்கும் அந்தத் தேர்வு உண்டு. ஞாயிறுதோறும் தூக்கக் கலக்கத்தோடு தமிழ்ப் பள்ளிக்குப் போன பிள்ளை, றகர ரகரத்துக்கு அழுத பிள்ளை, அதே தமிழை வைத்து டிப்ளமோவை எட்டிப் பிடித்தாள். மதிப்பெண் வந்த அன்று நான் பாயசம் வைத்தேன். தமிழ்ப் பள்ளி எதற்கு என்று கேட்கிறவர்கள் இந்தப் பத்தியை மட்டுமாவது படிக்க வேண்டும்.

எந்தப் பாடத்தை எப்போது எடுப்பது என்பதற்கு மட்டும் முன்யோசனை தேவை. கலை, உடற்கல்வி போன்ற கட்டாயப் பாடங்களில் எது பாக்கி என்று பத்தாம் வகுப்பின் பாதியிலேயே பள்ளிக் கவுன்சலரோடு உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும். எங்கள் கவுன்சலர் தங்கமான மனுஷி. ஒரு தாளில் மூன்று பருவத்தையும் கட்டம் போட்டு எழுதிக்கொடுத்தார். அது ஃப்ரிட்ஜ் கதவில் ஜூன் வரை இருந்தது.

கல்லூரி வகுப்பை எப்படிச் சொல்வேன்! கால்குலஸ் வகுப்பில் அவளுக்கு ஒரு பக்கம் ராணுவத்திலிருந்து திரும்பிய ஒருவர், இன்னொரு பக்கம் இரவு வேலை பார்த்துவிட்டு நேராக வகுப்புக்கு வரும் இரண்டு பிள்ளைகளின் தாய். படிப்பின் மேல் இவ்வளவு பசியோடு இருப்பவர்கள் நடுவில் பதினாறு வயதில் உட்காரக் கிடைத்ததே பெரிய கொடுப்பினை. வசந்த பருவத்தில் ஸ்டேட்டிக்ஸ் (நிலையியல்) வந்தது. நான் ஊரில் சிவில் படித்தவள். சாப்பாட்டு மேசையில் அவள் ஒரு டிரஸ்ஸின், அதாவது பாலத்தைத் தாங்கும் முக்கோணச் சட்டகத்தின், மூட்டைத் தனியே பிரித்து, விசைகளுக்கு அம்புக்குறி போட்டு, "அம்மா, இந்த மெம்பர்ல விசையே இல்ல, சைபர்!" என்று கத்தியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று இரவு வெகுநேரம் இரண்டு பேரும் டிரஸ் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம்.

இங்கே ஒரு நுணுக்கம். பதினொன்றாம் வகுப்பிலேயே பள்ளியை முடிக்கிற பிள்ளை அந்த நவம்பரிலேயே விண்ணப்பித்தால், முதல் பருவத்து மதிப்பெண்கூட வந்திருக்காது. கால்குலஸ், இயற்பியல், ஸ்டேட்டிக்ஸ் எல்லாம் 'எடுக்கவிருக்கும் பாடங்கள்' பட்டியலில்தான் நிற்கும். என் மகள் பொறுத்தாள். ஜூனில் டிப்ளமோ வாங்கிக்கொண்டு, எல்லா மதிப்பெண்ணும் கையில் இருக்க, அடுத்த நவம்பரில் விண்ணப்பித்தாள். இதில் காக்க வேண்டிய விதி ஒன்றுண்டு. பள்ளி முடித்த பிறகு கல்லூரியில் வழக்கமான பருவத்தில் பாடம் எடுத்தால், பல பல்கலைக்கழகங்கள் உங்களை முதலாண்டு மாணவராகப் பார்க்காமல், வேறு கல்லூரியிலிருந்து மாறி வருபவராகப் பார்க்கும். பள்ளி முடிக்கும் முன் எடுத்த க்ரெடிட்டுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆகவே ஜூனுக்குப் பிறகு அவள் எந்தப் பாடத்திலும் சேரவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்தாள், பிறகு பாம்பன் பக்கத்து மண்டபம் ஊரில் உள்ள தாத்தா வீட்டுக்குப் போனாள்.

அந்தப் பயணம்தான் அவளுடைய விண்ணப்பத்தையே எழுதியது என்பேன். புதிய பாம்பன் ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்றுதான் திறக்கப்பட்டிருந்தது. 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி தண்டவாளத்தோடு அப்படியே செங்குத்தாக மேலே எழும்பிக் கப்பலுக்கு வழிவிடுகிறது. பக்கத்திலேயே 1914இல் திறந்த பழைய பாலம். அதன் நடுப்பகுதி இரண்டு கையாகப் பிரிந்து மேலே எழும்பும்படி கட்டியது. சாலைப் பாலத்தின் ஓரத்தில் நின்று இரண்டையும் அவள் வரைந்துகொண்டே இருந்தாள். தாத்தா அவளுக்கு 1964 டிசம்பர் புயலைச் சொன்னார். தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதையும், சிதைந்த பாலத்தை ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் 46 நாளில் மீட்டுக் கட்டியதையும் சொல்லி, "நீயும் அப்படி ஒண்ணு கட்டணும் பாப்பா" என்றார். தாத்தாவுக்கு அது வெறும் பேச்சு இல்லை, அவளுக்கும் இல்லை.

சியாட்டிலுக்குத் திரும்பியதும் எங்கள் 520 நெடுஞ்சாலையின் மிதவைப் பாலம் அவளுக்கு வேறாகத் தெரிந்தது. வாஷிங்டன் ஏரி ஆழமானது, அடியில் மெத்தென்ற சேறு. தூண் ஊன்றுவது பெரும்பாடு. அதனால் 77 கான்கிரீட் மிதவைகளின் மேல் பாலத்தையே மிதக்கவிட்டிருக்கிறார்கள். மிதக்கும் பகுதி மட்டும் 7,708 அடி, உலகிலேயே நீளமானது. பாம்பனும் இதுவும் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம்! ஒன்று கப்பலுக்காக எழுகிறது, மற்றது ஏரியோடு சேர்ந்து அசைகிறது. கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான காமன் ஆப்பின் கட்டுரைக்கு 650 சொல்தான் இடம். அவள் இந்த இரண்டையும் உள்ளே கொண்டுவந்து, மூன்றாவதாக டகோமா நேரோஸ் பாலத்தையும் சேர்த்தாள். 1940 ஜூலையில் திறந்து நவம்பரில் காற்றில் முறுக்கிக்கொண்டு விழுந்த பாலம் அது. விழுந்த அன்று காமிராவோடு அதன் மேலேயே இருந்தவர் வாஷிங்டன் பல்கலைக்கழக சிவில் பேராசிரியர் ஃபார்க்குஹார்சன். அதற்கு முன்பே அதன் மாதிரியை ஆராய்ந்துகொண்டிருந்தவரும் அவர்தான். அவர் பாடம் நடத்திய இடத்திலேயே படிக்க வேண்டும் என்று எழுதி முடித்திருந்தாள். படித்துவிட்டு நான் ஒரு காற்புள்ளியைக்கூடத் தொடவில்லை.

மற்ற வேலையெல்லாம் அமைதியாக நடந்தது. செயல்பாடுகளுக்குப் பத்து வரி, வரிக்கு 150 எழுத்து. அதில் தமிழ்ப் பள்ளியும் நீச்சலும் பாலப் படங்களும். வாஷிங்டன் பல்கலைக்கழகம் பரிந்துரைக் கடிதமே ஏற்பதில்லை, கட்டுரையும் பாடங்களும்தான் பேச வேண்டும். எங்கள் காலத்தில் கட்-ஆஃப் என்ற ஒற்றை எண்ணை நெஞ்சில் கட்டிக்கொண்டு கவுன்சலிங் ஹாலில் நின்றோம். அதுவும் நேர்மையான முறைதான், என்னைப் போன்ற எத்தனையோ பேரைக் கரையேற்றியது. ஆனால் பதினேழு வயதுப் பெண் தனக்கு எது பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்று எழுதி, அதைப் பெரியவர்கள் உட்கார்ந்து படிப்பது இருக்கிறதே, அந்தச் சுகமே தனி.

மார்ச்சில் பதில் வந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங், துறை பிறகு! அங்கே முதலாண்டில் எல்லாத் துறையையும் எட்டிப் பார்த்துவிட்டு, ஆண்டு முடிவில் துறை கேட்கலாம். அவள் சிவில்தான் கேட்கப் போகிறாள். கால்குலஸ் தொடரும் ஸ்டேட்டிக்ஸும் முடிந்திருப்பதால் முதலாண்டிலேயே இடம் காலியாக இருக்கிறது. அந்த இடத்தில் நிலவியல் எடுக்கலாமா, வரைபடக் கலை எடுக்கலாமா என்று இப்போது தினமும் இரவு தாத்தாவோடு வீடியோ காலில் விவாதம். தாத்தாவின் ஓட்டு நிலவியலுக்கு, சேற்றில் தூண் நிற்காது என்று அவருக்கு அழுத்தமாகத் தெரியும்.