பதில் சொல்லாத பல்லவி

பக்திப் பாட்டு என்றால் போதனைதான் என்று ஒதுக்குபவர்கள், அமெரிக்கக் கிறிஸ்தவ இசைக்குழு மெர்சிமியின் 'ஐ கேன் ஒன்லி இமேஜின்' பாட்டை ஒருமுறை காது கொடுத்துக் கேட்கலாம். அதன் பல்லவி முழுக்கக் கேள்விகள். இறைவனை நேரில் காணும்போது தன் உடம்பும் குரலும் என்ன செய்யும் என்று பாடுபவர் தன்னையே கேட்டுக்கொள்கிறார். ஒன்றுக்கும் பதில் கிடையாது.

எழுதியவர் குழுவின் பாடகர் பார்ட் மில்லார்ட். டெக்சாஸின் கிரீன்வில் ஊர்க்காரர். சிறுவயதில் அவரை அடித்து வளர்த்த அப்பா, பின்னாளில் மனம் மாறி, 1991இல் புற்றுநோயில் இறந்துபோனார். அதன்பின் பல ஆண்டுகள், கைக்குக் கிடைத்த தாளிலெல்லாம் இந்தப் பாட்டின் தலைப்பைக் கிறுக்கி வந்ததாக மில்லார்ட் சொல்லியிருக்கிறார். 1999இல் குழுவே சொந்தமாக வெளியிட்ட ஆல்பத்துக்காகப் பாட்டாக எழுதியபோது பத்தே நிமிடத்தில் வந்துவிட்டதாம். பத்து நிமிடத்துக்குப் பின்னால் அத்தனை வருஷங்கள் இருக்கின்றன.

ஆனால் பாட்டுக்குள் அப்பா வரவே இல்லை, சாவு என்ற சொல்லும் இல்லை. சொந்தத் துக்கத்தை வெளியே நிறுத்திவிட்டதால், கேட்கிறவர் தம் வீட்டில் இழந்த ஒருவரை அங்கே வைத்துக்கொள்ள முடிகிறது. அமெரிக்காவில் இறுதிச் சடங்குகளில் இந்தப் பாட்டை விரும்பி ஒலிக்க விடுவது இதனால்தான்.

இசையும் அதே அடக்கத்தோடு நடக்கிறது. முதலில் பியானோ மட்டும், சில சுரங்களையே சுற்றிச் சுற்றி வருகிறது. குரல் கீழ்ஸ்தாயியில், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல நுழைகிறது. டிரம்ஸ் அவசரப்படாமல் பிறகுதான் சேர்கிறது. பல்லவியில் குரல் ஏறும்போது, அந்த ஏற்றத்தை அது உழைத்துச் சம்பாதித்ததாகத் தோன்றுகிறது.

2001 அக்டோபரில் தனிப்பாட்டாக வெளிவந்து, கிறிஸ்தவ வானொலிகளில் கொடிகட்டிப் பறந்தது. 2002இல் கிறிஸ்தவ இசைக்கான டவ் விருதுகளில் ஆண்டின் சிறந்த பாடல் விருது கிடைத்தது. 2003இல் டாலஸ் நகரில், கிறிஸ்தவ வானொலி அல்லாத ஒரு நிலையத்தின் காலை நிகழ்ச்சியில் ஒலித்தபோது நேயர்கள் மறுபடியும் மறுபடியும் கேட்டார்கள். மற்ற நிலையங்களும் எடுத்துக்கொண்டன. அமெரிக்கப் பாடல் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 71ஆம் இடம். அடல்ட் கன்டெம்பரரி பட்டியலில் 5ஆம் இடம்.

இங்கேதான் அதன் தனித்தன்மை. 1991இல் கிறிஸ்தவ இசைப் பாடகி ஏமி கிராண்டின் 'பேபி பேபி' ஹாட் 100இல் முதலிடம் பிடித்தது. ஆனால் அதில் கடவுள் பேச்சே கிடையாது. மெர்சிமியின் பாட்டு இயேசுவைப் பெயர் சொல்லியே அழைக்கிறது. அப்படியிருந்தும் பொது வானொலிக்குள் நுழைந்தது.

பின்னாளில் டிஜிட்டல் விற்பனையில் 20 லட்சத்தைத் தாண்டிய முதல் கிறிஸ்தவப் பாட்டும் இதுவே. 2018இல் இதன் கதையே சினிமாவாகி, 8 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. நம்பிக்கையை மறைத்துக்கொண்டு சந்தைக்குப் போகத் தேவையில்லை, அடக்கமாகக் கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும் என்று காட்டிய பாட்டு இது.