முதலிடத்தின் கணக்கு

1952 நவம்பர் 14 அன்று, 'நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ்' என்ற லண்டன் வார இதழ் பிரிட்டனின் முதல் பாடல் தரவரிசையை வெளியிட்டது. இதழின் விளம்பரப் பிரிவைக் கவனித்துவந்த பெர்சி டிக்கின்ஸ், சுமார் இருபது இசைத்தட்டுக் கடைகளுக்குத் தொலைபேசி செய்து, எந்தத் தட்டு அதிகம் விற்றது என்று கேட்டு எழுதிக்கொண்டார். கூட்டிப் பார்த்ததில் அல் மார்ட்டினோ பாடிய 'ஹியர் இன் மை ஹார்ட்' முதலிடத்துக்கு வந்தது. பன்னிரண்டு இடங்கள் கொண்ட பட்டியலில், சில பாடல்கள் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொண்டதால் பதினைந்து பாடல்கள் இருந்தன. இன்று கோடிக்கணக்கான கைபேசிகளிலிருந்து தகவல் வந்து குவிகிறது. ஆனாலும் டிக்கின்ஸ் முன்னால் இருந்த கேள்வி மாறவில்லை: எதை எண்ணுவது, எதை விடுவது?

ஸ்ட்ரீமிங் காலத்து வெற்றிப் பாடல்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ரசனை மாறிவிட்டது என்பதிலிருந்து தொடங்குகிறார்கள். எண்ணும் முறை மாறியதிலிருந்து தொடங்குவதே சரி என்று நான் நினைக்கிறேன். தட்டுக் காலத்தில் ஒருவர் ஒரு பாடலை வாங்கினால் கணக்கில் ஒன்று ஏறும். வீட்டில் அதை நூறு முறை போட்டுக் கேட்டாலும், ஒரே முறை கேட்டுவிட்டு மறந்தாலும், அந்த ஒன்று ஒன்றுதான். இப்போது ஒவ்வொரு முறை கேட்பதும் தனித்தனியே ஏறுகிறது. வாங்குவதை எண்ணிவந்த பட்டியல், திரும்பத் திரும்பக் கேட்பதை எண்ணத் தொடங்கிவிட்டது. முதலிடம் என்பதன் பொருளே அதனால் பலவாகப் பிரிந்துவிட்டது.

அளவுகோலின் வரலாறு

அமெரிக்காவின் 'பில்போர்ட் ஹாட் 100' பட்டியல் 1958 ஆகஸ்ட் 4 அன்று தொடங்கியது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கடைக்காரர்களும் வானொலி நிலையத்தாரும் சொன்னதுதான் கணக்கு. 1991இல் பார்கோடு வழியாகப் பதிவான உண்மையான விற்பனைத் தகவல் வந்தது. முதலில் ஆல்பம் பட்டியலில் அதைப் பயன்படுத்தியபோது, என்.டபிள்யூ.ஏ. குழுவின் ராப் ஆல்பமும் கார்த் புரூக்ஸின் கன்ட்ரி ஆல்பமும் அதே ஆண்டில் முதலிடத்துக்கு வந்தன. அந்த இசைகளுக்கு ஒரே இரவில் ரசிகர்கள் முளைத்துவிடவில்லை. முன்பே இருந்தவர்கள் அப்போதுதான் எண்ணப்பட்டார்கள்.

2005இல் பதிவிறக்கங்கள் ஹாட் 100 கணக்கில் சேர்ந்தன. 2007இலிருந்து ஸ்ட்ரீமிங் சிறிது சிறிதாக உள்ளே வந்தது. 2012இல் உலகமே யூடியூபில் பார்த்த தென்கொரியப் பாடகர் சையின் 'கங்னம் ஸ்டைல்', ஏழு வாரம் இரண்டாமிடத்தில் நின்று முதலிடத்தைத் தொடாமலே இறங்கியது. யூடியூப் பார்வைகள் அப்போது கணக்கில் இல்லை. 2013 பிப்ரவரியில் அவை சேர்க்கப்பட்டதும், பாவரின் 'ஹார்லெம் ஷேக்' நேராக முதலிடத்தில் நுழைந்தது. அந்தப் பாடலின் அரை நிமிடத் துண்டை வைத்து ஆயிரக்கணக்கானோர் ஆடிப் பதிவேற்றிய காணொளிகளே அதைத் தூக்கின. சில மாத இடைவெளியில் விதி மாறியது; ஒருவருக்குக் கிடைக்காதது இன்னொருவருக்குக் கிடைத்தது.

2018இல் பில்போர்ட் கேட்பவர்களையும் தரம் பிரித்தது. சந்தா கட்டியவரின் ஒரு கேட்பு அப்போது ஒரு புள்ளி. விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்பவருடையது மூன்றில் இரண்டு. பிரிட்டனில் இடைவெளி இன்னும் பெரிது. அங்கே சந்தாக் கேட்பு 100 ஒரு விற்பனைக்குச் சமம். இலவசக் கேட்பு என்றால் 600 வேண்டும். வணிகத்துக்கு இது நியாயமாக இருக்கலாம். மக்கள் எதை அதிகம் கேட்கிறார்கள் என்ற கேள்விக்கு இது முழு விடை ஆகாது.

அலையாக வரும் ஆல்பங்கள்

1964 ஏப்ரல் 4ஆம் தேதிப் பட்டியலில் பீட்டில்ஸ் முதல் ஐந்து இடங்களையும் பிடித்தது பெரிய வரலாறாகச் சொல்லப்பட்டது. 2018இல் டிரேக்கின் 'ஸ்கார்பியன்' வந்த வாரத்தில் அவருடைய 27 பாடல்கள் ஹாட் 100இல் இருந்தன. 2022இல் டெய்லர் ஸ்விஃப்ட்டின் 'மிட்நைட்ஸ்' முதல் பத்து இடங்களையும் எடுத்துக்கொண்டது. 2024இல் அவருடைய இன்னொரு ஆல்பம் முதல் பதினான்கு இடங்களையும் நிரப்பியது. பீட்டில்ஸின் ஐந்தும் கடையில் தனித்தனியே காசு கொடுத்து வாங்கப்பட்டவை. பின்னவை, ஆல்பம் வந்த இரவில் ரசிகர்கள் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஓடவிட்டதன் பதிவு. இரண்டையும் ஒரே தராசில் வைத்து, எது பெரிய சாதனை என்று கேட்பதில் பொருளில்லை. 2017 மார்ச்சில் எட் ஷீரனின் பாடல்கள் பிரிட்டனின் முதல் பத்தில் ஒன்பது இடங்களைப் பிடித்தபோது, ஒரு கலைஞருக்கு மூன்று பாடல்கள்தான் என்று அங்கே வரம்பு கொண்டுவந்தார்கள். புதியவர்களுக்கு இடம் விட வேண்டும் என்ற அந்த எண்ணம் எனக்குச் சரியாகவே படுகிறது.

முப்பது டாலர் மெட்டு

இந்தக் காலத்தின் நல்ல முகத்தைப் பார்க்க 'ஓல்ட் டவுன் ரோடு' பாடலுக்கு வர வேண்டும். நைன் இன்ச் நெயில்ஸ் குழு 2008இல் வெளியிட்ட ஓர் இசைத் துண்டிலிருந்து பாஞ்சோ ஒலியை எடுத்து, நெதர்லாந்தில் யங்கியோ என்ற இளைஞர் ஒரு பீட் செய்து இணையத்தில் விற்பனைக்கு வைத்தார். அட்லாண்டாவில் 19 வயது லில் நாஸ் எக்ஸ் அதை 30 டாலருக்கு வாங்கி, மேலே பாடி, 2018 டிசம்பரில் தானே வெளியிட்டார். நீளம் 1 நிமிடம் 53 விநாடி. டிக்டாக்கில் மக்கள் அதற்குக் கௌபாய் வேடம் போட்டார்கள். பில்போர்ட்டின் கன்ட்ரி பட்டியல் அதை உள்ளே விட்டுப் பிறகு நீக்கியது, விவாதம் வெடித்தது, கன்ட்ரி பாடகர் பில்லி ரே சைரஸ் சேர்ந்து பாடிய வடிவம் வந்தது. ஹாட் 100இல் 19 வாரம் முதலிடம், அதுவரை எந்தப் பாடலும் எட்டாத எண்ணிக்கை. புதுப்புது வடிவங்களாக வந்ததெல்லாம் ஒரே பாடலின் கணக்கில் சேர்ந்தது அதற்குக் கைகொடுத்தது. ஆனால் எந்தப் பெரிய நிறுவனமும் கேட்காத ஒரு குரலை, கேட்டவர்களே மேலே ஏற்றினார்கள் என்பதும் உண்மை.

பாடல்கள் சுருங்குவதற்கும் கணக்கே காரணம் என்பார்கள். ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால் ஒரு கேட்பு. இரண்டு நிமிடப் பாட்டுக்கும் எட்டு நிமிடப் பாட்டுக்கும் அதே மதிப்பு. குட்டையாக எழுதத் தூண்டுதல் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் 1960களின் முதலிடப் பாடல்களிலும் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்தவை உண்டு. 2021இல் டெய்லர் ஸ்விஃப்ட்டின் பத்து நிமிட 'ஆல் டூ வெல்' முதலிடம் பெற்று, ஹாட் 100இன் மிக நீளமான முதலிடப் பாடல் ஆனது. தூண்டுதல் தலைவிதி ஆகிவிடாது.

பழையவற்றின் வருகை

வாங்குவதை எண்ணிய காலத்தில் பழைய பாடல் திரும்பி வருவது அபூர்வம். ஏற்கெனவே வைத்திருப்பவர் மறுபடி ஏன் வாங்கப்போகிறார்? இப்போது நினைவும் எண்ணப்படுகிறது. மரியா கேரியின் 1994ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் பாடல் 2019 டிசம்பரில் முதலிடம் வந்தது. 1958இல் 13 வயதில் பிரெண்டா லீ பதிவுசெய்த பாடல் 2023 டிசம்பரில், அவருடைய 78 வயதில், முதலிடம் வந்தது. கேட் புஷ்ஷின் 1985ஆம் ஆண்டுப் பாடல், 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடர் வழியாக 2022இல் பிரிட்டனின் முதலிடத்தை அடைந்தது. பழைய பாடல்களின் கேட்புகளைப் பாதியாகக் குறைத்து மதிப்பிடும் அந்நாட்டு விதியிலிருந்து அதற்கு விலக்கு தரவேண்டியிருந்தது. மெதுவாக ஏறுபவற்றுக்கும் இது நல்ல காலம்: கிளாஸ் அனிமல்ஸின் 'ஹீட் வேவ்ஸ்' ஹாட் 100இல் 59ஆவது வாரத்தில்தான் உச்சியைத் தொட்டது.

ஒரு வாரப் புயல்

இதற்கு நேரெதிரானது, ரசிகர் படைகள் வெளியான வாரத்திலேயே திரண்டு வாங்கித் தரும் முதலிடம். 2020 அக்டோபரில் டிராவிஸ் ஸ்காட்டின் 'ஃபிரான்சைஸ்' நேராக முதலிடத்தில் நுழைந்தது. அதில் உடன் பாடியவர்களில் ஒருவர் எம்.ஐ.ஏ. என்ற மாயா அருள்பிரகாசம், யாழ்ப்பாணத்தில் குழந்தைப் பருவத்தைக் கழித்துப் போரால் லண்டனுக்குப் போன ஈழத் தமிழர். நமக்குப் பெருமையான செய்தி. ஆனால் அடுத்த வாரமே பாடல் 25ஆம் இடத்துக்கு இறங்கியது. அவருடைய சொந்தப் பாடலான 'பேப்பர் பிளேன்ஸ்' 2008இல் நான்காமிடத்தைத் தாண்டவில்லை, இன்றும் எம்.ஐ.ஏ. என்றதும் நினைவுக்கு வருவது அதுதான். படைகளின் வேகத்தைக் கட்டுப்படுத்த, ஒருவர் ஒரே பாடலை ஒரு வாரத்தில் எத்தனை முறை வாங்கினாலும் ஒரு பதிவிறக்கத்தை மட்டுமே கணக்கில் கொள்வது என்று 2022இல் பில்போர்ட் விதி செய்தது.

ஆக, இன்று முதலிடம் என்ற ஒரே பெயருக்குள் ஒரு வாரப் பக்தியும், மாதக்கணக்கான பழக்கமும், ஆண்டுதோறும் திரும்பும் நினைவும் அடங்கியிருக்கின்றன. இதன் மறுமுனையில், 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஓராண்டில் ஆயிரம் கேட்பைத் தொடாத பாடலுக்குக் காசு கிடையாது. உச்சியை அளக்கும் எண்களே அடித்தளத்தில் யாருக்குச் சோறு என்பதையும் முடிவுசெய்கின்றன. எனவே விமர்சகர்கள் இடத்தை மட்டும் எழுதி நிறுத்தக் கூடாது. அந்த இடம் விற்பனையால் வந்ததா, கேட்பால் வந்ததா, எத்தனை வாரம் நின்றது, எந்த விதியின் கீழ் எண்ணப்பட்டது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். பாடலை ஆராய்பவர் ராகத்தையும் தாளத்தையும் அறிந்திருப்பது போலவே, எண்ணும் விதியையும் அறிந்திருக்க வேண்டிய காலம் இது.